‘மூன்று மாதம்’ என்று எழுதாதீர்கள், தேதியை எழுதுங்கள்: கல்லூரி முதல்வர்களுக்கும் பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல், அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கும், தேர்வுப் பிரிவில் பணியாற்றுவோருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் இன்டர்ன்ஷிப் செய்யத் தகுதியும் ஆசையும் உள்ள மாணவர்கள் உங்கள் கல்லூரியிலும் இருக்கிறார்கள். மதிப்பெண் போதாமல் அந்த வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் கல்லூரி அலுவலகத்திலிருந்து வரவேண்டிய ஒரு தாள் பத்து நாள் தாமதமாக வந்தது, வந்த தாளில் ஒரு வரி இல்லை, பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது என்பதற்காக இழப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இழப்பை உங்களால் தடுக்க முடியும். இந்த மடல் முழுக்க அந்தத் தாள்களைப் பற்றியது.

முதலில் காலண்டர். பல கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப் என்ற பேச்சே ஆறாம் செமஸ்டர் தொடங்கும் ஜனவரியில்தான் எழுகிறது. அதற்குள் பெரிய வாசல்கள் பல மூடிவிடும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி இந்திய மாணவர்களுக்கென நடத்தும் ‘வைஸ்’ உதவித்தொகைக்கு விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் தொடக்கத்தோடு முடியும். அந்த விண்ணப்பத்தோடு ஜெர்மன் பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதத்தையும் இணைக்க வேண்டும். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் 12 வாரப் பயிற்சி. மே முதல் அக்டோபருக்குள் நடப்பது. அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே முடிந்துவிடுவது வழக்கம். ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் கோடைத் திட்டத்துக்கு ஜனவரிக் கடைசி வரை நேரம் இருக்கும். இந்தியா 2017 முதல் அங்கே இணை உறுப்பு நாடு. பிரான்சின் ஷார்பாக் லேப் உதவித்தொகை, சவுதி அரேபியாவின் காஸ்ட் பல்கலைக்கழகம் நடத்தும் வருகை மாணவர் திட்டம் ஆகியவற்றுக்கு அவற்றுக்கே உரிய தேதிகள் உண்டு. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே போன வருட நோட்டீஸை நகல் எடுத்து ஒட்டாமல், அந்தந்த அமைப்பின் இணையதளத்தைப் பார்த்து எழுதுங்கள். எந்தக் கல்லூரிகளின் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று சில திட்டங்கள் பட்டியல் வைத்திருக்கும். அதையும் முதலிலேயே பார்த்துவிட்டால் மாணவர் இரண்டு மாத உழைப்பை வீணாக்க மாட்டார்.

பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பம் போக வேண்டுமென்றால் அக்டோபர் நடுவில் அழைப்புக் கடிதம் வர வேண்டும். அதற்குப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் செப்டம்பரில் போக வேண்டும். ஆகஸ்டில் எழுதினால் பயனில்லை; ஜெர்மனி, பிரான்ஸ் இரண்டிலும் அது விடுமுறை மாதம். டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்களையும் தொகுத்துக் கல்லூரி தரும் ஆவணம், செப்டம்பர் முதல் வாரத்தில் தயாராக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஆகவே இன்டர்ன்ஷிப் பற்றி மாணவர்களிடம் பேசும் கூட்டத்தை நான்காம் செமஸ்டர் முடியும்போது, ஏப்ரலில் வையுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கான கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. அவசரத்தில் போடும் அந்த 2,000 ரூபாய் ஒரு விவசாயக் கூலி வீட்டில் சின்னத் தொகை இல்லை. விடுதியில் இருக்கும் மாணவர் விடுதி முகவரியைக் கொடுத்தால் போலீஸ் சரிபார்ப்பு அந்த எல்லைக் காவல் நிலையத்திலிருந்து வரும். அப்போது வார்டனும் அலுவலகமும், இவர் எங்கள் மாணவர்தான் என்ற போனஃபைட் சான்று கொடுக்க மூன்று நாள் அலைக்கழித்தால் கோப்பு திரும்பிவிடும்.

இனி பெயர். இது நம் ஊருக்கே உரிய சிக்கல் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறோம். மு. தமிழரசன் என்று ஒரு மாணவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘தமிழரசன் எம்’. ஆதாரில் ‘தமிழரசன் முருகன்’. பாஸ்போர்ட்டில் இயற்பெயர்க் கட்டத்தில் ‘தமிழரசன்’, குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘முருகன்’. கல்லூரி அடையாள அட்டையில் ‘எம். தமிழரசன்’. இதோடு ஆங்கில எழுத்துக்கூட்டலும் சேரும்: டி மட்டுமா டிஎச்சா, ழகரத்துக்கு எல் போட்டார்களா இசட்எச் போட்டார்களா என்று ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதம். நமக்கு இவை எல்லாம் ஒரே பையன். விசா அலுவலருக்கு நான்கு பேர். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு வேறொரு தொல்லை. அமெரிக்க விசாவில் உள்ள ஒரே பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், இயற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது இயற்பெயர் தெரியவில்லை, என்று அச்சாகும்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது எளிது. வெளிநாட்டுக்குப் போகும் எந்தக் கடிதத்திலும் பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுங்கள். இன்ஷியலை விரித்து எழுதுங்கள். கீழே ஒரு வரி சேருங்கள்: மதிப்பெண் சான்றிதழ்களில் இன்ன வடிவில் காணப்படுபவரும், இன்ன எண் கொண்ட பாஸ்போர்ட்டில் இன்ன பெயரில் காணப்படுபவரும் ஒருவரே என்று. அந்த ஒரு வரி இருந்தால் மாணவர் நோட்டரியைத் தேடி அலைய வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பதிவேட்டில் உள்ளபடிதான் எழுதுவோம் என்று மறுக்கும் அலுவலகங்களுக்கும் இதனால் பிசகில்லை. பதிவேட்டுப் பெயர், பாஸ்போர்ட் பெயர் இரண்டுமே கடிதத்தில் வந்துவிடுகின்றன அல்லவா?

அடுத்து டிரான்ஸ்கிரிப்ட். ஐந்து செமஸ்டர் கிரேடு ஷீட்டுகளை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாக்கி அனுப்பினால் அது டிரான்ஸ்கிரிப்ட் ஆகாது. பாடப் பெயர், கிரெடிட், கிரேடு, செமஸ்டர் வாரியான ஜிபிஏ, மொத்த சிஜிபிஏ ஆகியவை ஒரே ஆவணத்தில், பக்க எண்ணோடு இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கடைசிப் பக்கத்தில் கிரேடுகளுக்கான விளக்கம். நம் முறையில் ‘ஓ’ என்பது 10 புள்ளி பெறும் உச்ச கிரேடு. அதை முதல்முறை பார்க்கும் வெளிநாட்டவருக்கு அது ஓ எழுத்தா பூஜ்யமா என்றே தெரியாது. ஜெர்மனியில் 1.0 தான் மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 வெறும் தேர்ச்சி. அங்கே போய் ‘சிஜிபிஏ 8.6’ என்று மட்டும் எழுதினால் ஒன்றும் விளங்காது, ‘10-க்கு 8.6’ என்று எழுத வேண்டும். குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி எத்தனை என்பதையும் எழுத வேண்டும். அங்கே பரவலாகப் பயன்படும் மாற்றுக் கணக்கு இதுதான்: உச்சப் புள்ளியிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 8.6 என்பது 1.84 ஆகிறது. தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் அதே 8.6 என்பது 2.05 ஆகிறது. உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் அந்த எண் இல்லாவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் தானாக ஒன்றை வைத்துக்கொள்வார். நம் மாணவர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலிருந்து இரண்டைத் தாண்டிப் போய்விடுவார்.

ரெக்கமண்டேஷன் லெட்டர் பற்றி ஆசிரியர்களிடம் மனம் விட்டுச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ‘நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்ற வழக்கம் மாணவருக்கு உதவி போலத் தோன்றினாலும் கெடுதலே செய்கிறது. இருபது வயதுப் பிள்ளை தன்னைப் பற்றித் தானே எழுதும்போது ‘கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், ஒழுக்கமானவர்’ என்றுதான் எழுத வரும். ஒரே வகுப்பிலிருந்து போகும் மூன்று கடிதங்களும் ஒரே வாசகத்தில் இருக்கும். படிப்பவருக்கு வேண்டியது வேறு. இந்த மாணவரை எந்தப் பாடத்தில், எத்தனை மாதமாகத் தெரியும்? ஆய்வகத்தில் என்ன செய்து பார்த்திருக்கிறார்? ஒரு சோதனை தவறாகப் போனபோது என்ன செய்தார்? ‘வெப்பமின் இரட்டையின் (தெர்மோகப்பிள்) அளவீடு முப்பது டிகிரி குறைவாக வந்தபோது, அறை வெப்பநிலைத் திருத்தம் விட்டுப்போனதை அவரே கண்டுபிடித்தார்’ என்ற ஒரு வாக்கியம் பத்துப் பாராட்டுச் சொற்களுக்கு மேல் நிற்கும். அதை எழுத ஆசிரியருக்கு அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று, பல திட்டங்கள் கடிதத்தை மாணவரிடம் கேட்பதில்லை. ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு நேரடியாக ஒரு லிங்க் அனுப்புகின்றன. அது கல்லூரி டொமைனில் உள்ள முகவரியாக இருக்க வேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனையே உண்டு. ஆசிரியர்களுக்குக் கல்லூரி மின்னஞ்சல் கொடுக்காத நிர்வாகங்கள் தயவுசெய்து கொடுங்கள். கொடுத்தும் யாரும் திறந்து பார்க்காத முகவரியாக அது இருந்தால் லிங்க் ஸ்பாமில் கிடந்து காலாவதியாகிவிடும். அக்டோபரில் ஆசிரியர்கள் வாரம் இருமுறை அந்த ஃபோல்டரைப் பார்க்க வேண்டும்.

பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சலை மாணவர்தான் எழுத வேண்டும். ஆனால் யாராவது ஓர் ஆசிரியர் படித்துப் பார்த்து அனுப்பச் சொன்னால் நல்லது. 150 முதல் 200 சொல் போதும். நான் யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்பது முதல் இரண்டு வரியில் வர வேண்டும். அவருடைய எந்த ஆய்வுக் கட்டுரையின் எந்தப் பகுதி தன் வேலைக்குத் தொடர்பு என்பது அடுத்து. தன்னால் என்ன செய்ய முடியும் என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: பைத்தானில் படப் பகுப்பாய்வு, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) தரவு பார்த்தல் என்பது போல. கடைசியாகப் பணம்: எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், அது கிடைக்காவிட்டால் என்ன செய்வேன். ஒரே கடிதத்தை இருநூறு பேருக்கு அனுப்புவது பயன் தராது. ஒரே துறையின் இரண்டு பேராசிரியர்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். இருவருமே பதில் போட மாட்டார்கள். பத்து முதல் பதினான்கு நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிட வேண்டும்.

இப்போது என்ஓசி, அதாவது மாணவர் செல்வதற்குக் கல்லூரி தரும் ஆட்சேபணையின்மைக் கடிதம். வழக்கமாகக் கல்லூரிகளிலிருந்து வரும் ஒரு கடிதத்தை மேசையில் விரித்துப் பார்ப்போம். மேலே லெட்டர்ஹெட். ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று தலைப்பு. இந்த மாணவர் எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார், அவர் நடத்தை நன்று, மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு வெளிநாடு செல்ல ஆட்சேபணை இல்லை என்று மூன்று வரி. கீழே முதல்வர் கையெழுத்து, அதன் மேலேயே அழுத்திக் குத்திய ரப்பர் முத்திரை. கையெழுத்தும் படிக்க முடியாது, முத்திரையில் உள்ள பெயரும் படிக்க முடியாது. தேதி இல்லை. தொலைபேசி எண்ணாகப் பழைய லேண்ட்லைன்.

இதில் அதிகத் தொல்லை தரும் சொல் ‘மூன்று மாதம்’. ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க அனுமதிக்காது. வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். மே 15 முதல் ஆகஸ்ட் 14 வரை எண்ணிப் பாருங்கள்: மேயில் 17, ஜூனில் 30, ஜூலையில் 31, ஆகஸ்டில் 14. ஆக 92 நாள். இரண்டு நாள் கூடியதால் அது வேறு வகை விசாவாகிவிடுகிறது. அந்தந்த நாடு தனியாகத் தரும் நீண்ட கால ‘தேசிய விசா’வுக்கு வேறு படிவம், வேறு அப்பாயின்ட்மென்ட், பல வாரக் காத்திருப்பு. 12 வாரம் என்றால் 84 நாள், பிரச்சினையே இல்லை. 13 வாரம் என்றால் 91 நாள், பிரச்சினை. அழைப்புக் கடிதத்தில் 12 வாரம் என்றும் கல்லூரிக் கடிதத்தில் மூன்று மாதம் என்றும் இருந்தால் எதை நம்புவது என்று கேள்வி வரும். தேதியை எழுதுங்கள், அழைப்புக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே தேதியை எழுதுங்கள்.

சரியான கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், பதிவு எண், படிப்பு, துறை, இப்போதைய செமஸ்டர். பயிற்சி நடக்கும் நிறுவனம், ஊர், வழிகாட்டியின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள். பயிற்சி படிப்போடு தொடர்புடையது, கல்லூரி அதை ஏற்கிறது என்ற வாசகம். அதன் பிறகு, பெரும்பாலான கடிதங்களில் விட்டுப்போகும் வரி: இன்ன தேதியில் ஏழாம் செமஸ்டர் தொடங்குகிறது, மாணவர் அதில் சேர்ந்து படிப்பைத் தொடர்வார், இன்ன மாதம் பட்டம் முடிப்பார். விசா அலுவலர் மனதில் உள்ள முதல் கேள்வி இந்தப் பிள்ளை திரும்பி வருவாரா என்பதுதான். அதற்கு வலுவான சான்று உங்கள் கையில் இருக்கிறது. கையெழுத்துக்கும் முத்திரைக்கும் நடுவே இடம் விடுங்கள். கேட்டால் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போடுங்கள்.

நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் என்றால் கூடுதலாக ஒரு படி வரும். ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவர் ஒரு கம்பெனியில் பயிற்சி பெற அந்நாட்டுக் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் இசைவு வேண்டும். படிப்புக்குத் தொடர்புடைய பயிற்சிதான் என்பதை அங்கே காட்ட வேண்டும். அமெரிக்காவில் ஜே-1 எனும் பரிமாற்றப் பயிற்சி விசாவுக்கு, பயிற்சியை ஏற்று நடத்தும் ஸ்பான்சர் அமைப்பு டிஎஸ்-2019 எனும் தகுதிச் சான்றுப் படிவம் தரும். எந்த வாரம் என்ன கற்பிக்கப்படும் என்று விவரிக்கும் டிஎஸ்-7002 திட்டத்தில் மாணவர், நிறுவனம், ஸ்பான்சர் மூவரும் கையெழுத்திட வேண்டும். காப்பீடும் நாட்டுக்கு நாடு மாறும். ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ. ஜே-1 விசாவுக்கு ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் 1,00,000 டாலர்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்பு கட்டாயம் விண்ணப்பித்திருக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை. ஆனால் ஏப்ரல், மேயில் விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் கடினம். அது சுற்றுலாக் கூட்டம் நெருக்கும் நேரம். மார்ச்சில் கடிதம் கேட்டு வரும் மாணவரை ‘செமஸ்டர் தேர்வு முடியட்டும்’ என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

அசல் சான்றிதழ்கள் பற்றியும் சொல்ல வேண்டும். சேரும்போது வாங்கி வைத்த பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு அசல் மார்க் ஷீட்டுகளைப் பல கல்லூரிகள் படிப்பு முடியும்வரை பெட்டியிலேயே வைத்திருக்கின்றன. பாஸ்போர்ட்டுக்குக் கேட்டால் ஒரு விண்ணப்பம், ஹெச்ஓடி கையெழுத்து, கட்டண பாக்கி இல்லை என்ற சான்று, பெற்றோர் நேரில் வர வேண்டும் என்று நான்கு படிகள். சரிபார்த்துவிட்டு அசலைத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதன்படி நடந்தாலே மாணவருக்கு ஒரு மாதம் மிச்சமாகும்.

பணச் சான்றில் பெற்றோர் தெரியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. கணக்கில் இருப்பு குறைவாக இருக்கிறதே என்று விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடம் இரண்டு லட்சம் வாங்கி மொத்தமாகப் போடுவார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத அந்தத் தொகை சந்தேகத்தையே கிளப்பும். சிறிய இருப்பானாலும் பல மாதமாக நிலையாக இருப்பது நல்லது. விவசாயக் குடும்பத்தில் ஐடி ரிட்டர்ன் இல்லாமல் இருக்கலாம். ஃபிக்சட் டெபாசிட், கூட்டுறவு வங்கிப் பாஸ்புக், வருமானச் சான்று ஆகியவற்றோடு ஒரு விளக்கக் கடிதம் இணைக்கலாம். உதவித்தொகை கிடைத்திருந்தால் மாதத் தொகை குறிப்பிட்ட கடிதமே முதல் சான்று. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். டிக்கெட், விசா, காப்பீடு, முதல் மாத வாடகை எல்லாம் முன்பணம். கல்லூரி அறக்கட்டளையிலிருந்து வட்டியில்லாக் கடனாக ஒரு தொகையைக் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

பயிற்சியின் கடைசி வாரங்கள் பல சமயம் ஏழாம் செமஸ்டரின் தொடக்கத்தோடு மோதும். 75 விழுக்காடு வருகைப்பதிவை நினைத்து ஒரு மாணவர் பயிற்சியைப் பாதியில் முடித்துக்கொண்டு வருவது கொடுமை. அந்த நாட்களை ஓடியாக, அதாவது கல்லூரிப் பணியில் வெளியே இருந்த நாட்களாகக் கணக்கிடுவோம், முதல் இன்டெர்னல் தேர்வுக்கு மறுதேர்வு தருவோம், பயிற்சிக்கு இத்தனை கிரெடிட் என்பதைப் புறப்படும் முன் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழி உறுதிக்குத் துறைத் தலைவர் மாறினால் மதிப்பில்லை. திரும்பி வந்த பிறகு புகைப்படங்களோடு நூறு பக்க ரிப்போர்ட் கேட்காதீர்கள். பல ஆய்வகங்களில் படம் எடுக்கவும் தரவை வெளியே கொண்டுவரவும் தடை உண்டு. மாணவர் அதற்குக் கையெழுத்தும் போட்டிருப்பார். வழிகாட்டி பார்த்து ஒப்புக்கொண்ட பத்துப் பக்கச் சுருக்கமும் அவர் தரும் சான்றிதழும் போதுமென்று உங்கள் விதியில் எழுதுங்கள்.

கடைசியாக, கல்லூரி வாசலுக்கே வரும் ஏஜென்ட்டுகள். ‘இன்டர்நேஷனல் இன்டர்ன்ஷிப்’ என்று ஒரு வார வெளிநாட்டுச் சுற்றுலாவையும் நாலு வகுப்பையும் சேர்த்து விற்கிறார்கள். கல்லூரியோடு எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்டிருப்பதால் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அதில் இழப்பு பணம் மட்டும். அதைவிட ஆபத்தானது, ஆஃபர் லெட்டருக்கு முன்பணம் கேட்பது, வாட்ஸ்அப்பிலேயே நேர்காணலை முடிப்பது, டூரிஸ்ட் விசாவில் வா, வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது. தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப் போய் மியான்மரில் அடைத்துவைத்து இணைய மோசடி செய்ய வைத்த கும்பல்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள். எந்த அழைப்பு வந்தாலும், அதில் உள்ள பேராசிரியரின் முகவரி அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அந்த முகவரிக்கே கல்லூரியிலிருந்து இரண்டு வரி எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். உண்மையானவர் ஒரு வாரத்துக்குள் பதில் போடுவார். பதில் வரும்வரை என்ஓசியில் கையெழுத்துப் போட வேண்டாம்.

வரும் ஏப்ரல் கூட்டத்துக்கு முன் உங்கள் அலுவலகத்தில் மூன்று தாள்கள் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: கிரேடு விளக்கத்தோடு கூடிய டிரான்ஸ்கிரிப்ட் மாதிரி, தேதிக்கும் பாஸ்போர்ட் எண்ணுக்கும் இடம் விட்ட என்ஓசி மாதிரி, பெயர் வேறுபாட்டைத் தீர்க்கும் அந்த ஒரு வரி. கூடவே, இவற்றைக் கேட்டு வரும் மாணவருக்கு மூன்று வேலை நாளுக்குள் கொடுக்கப் பொறுப்பான ஒருவரின் பெயரை நோட்டீஸ் போர்டில் போடுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
வெளிநாட்டு ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள்